எஞ்சினைத் தூக்கிய இரவு: கழிவிரக்கமும் சரியான தெரிவும்

2020 டிசம்பர் 2ஆம் திகதி பின்னேரம். உப்புவெளிக் கரையில் காற்று இன்னும் எழும்பவில்லை. வானொலியில் ‘புரெவி’ சூறாவளி அன்றிரவு திருகோணமலைக் கரையைக் கடக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பெரியப்பாவின் மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், தன் ஃபைபர் வள்ளத்தின் பின்புறத்தில் குனிந்து எஞ்சினின் இரண்டு திருகுகளையும் கழற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். உப்பேறி இறுகிப்போன திருகுகள். மண்ணெண்ணெய் ஊற்றி, மரக்கட்டையால் தட்டி, விரல் தோல் உரிந்த பிறகுதான் அசைந்தன. லேன்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு வண்டி ஒன்றை 4,000 ரூபாய்க்குப் பேசி, எஞ்சினையும் வலைகளையும் உவர்மலையிலுள்ள தங்கை வீட்டுக்கு ஏற்றினார். பக்கத்து மீன்வாடிக்காரர் எதையும் ஏற்றவில்லை. வள்ளத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

புயல் வலுக்குறைந்து, நகருக்கு வடக்கே குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது. விடிந்து போய்ப் பார்த்தபோது எங்கள் கரையில் தென்னோலைகளும் பறந்து வந்த ஒரு கூரைத் தகரமும்தான் கிடந்தன. பக்கத்து வாடிக்காரரின் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. “நாலாயிரம் ரூபாயைக் கடலில் போட்டேன்” என்று அண்ணன் அன்று சொன்னார், இன்றும் சொல்கிறார். பக்கத்து வாடிக்காரரை ஊர் கெட்டிக்காரர் என்கிறது.

அண்ணன் செய்ததில் பிழை எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அதை அவருக்கு விளங்கப்படுத்த முயன்றபோதுதான் விடயம் எவ்வளவு ஆழமானது என்று எனக்கே தெரிந்தது. ‘செய்தது சரியா’ என்ற கேள்வியும் ‘செய்ததற்காக வருந்துகிறேனா’ என்ற கேள்வியும் ஒன்றுதானா? ஒன்றில்லை என்றால் இரண்டுக்கும் என்ன உறவு? தத்துவம், பொருளியல், புள்ளியியல் மூன்றும் கூடும் தீர்மானக் கோட்பாடு என்ற துறை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டி வருகிறது.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: கழிவிரக்கம். கழிந்ததற்கு இரங்குதல். இப்போது பலர் இதைத் தன்மீது தானே இரக்கம் கொள்ளுதல் என்ற பொருளில் எழுதுகிறார்கள். நல்ல சொல் ஒன்று இப்படிக் கைநழுவுகிறது. நான் அதைப் பழைய பொருளிலேயே இங்கே ஆள்கிறேன்.

அண்ணனுக்கு நான் முதலில் போட்டுக் காட்டியது பாடப்புத்தகக் கணக்கு. எஞ்சினும் வலையுமாக மூன்று லட்சம் ரூபாய்ப் பொருள். புயல் அதை அள்ளிக்கொண்டு போகப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், கரையில் விடுவதால் எதிர்பார்க்க வேண்டிய நட்டம் 30,000 ரூபாய். ஏற்றுவதற்குச் செலவு 4,000. ஏற்றுவதே சரி. அண்ணன் கணக்கைப் பார்த்துவிட்டு, “பத்தில் ஒன்று என்று உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நிகழ்தகவு தெரியாதபோது எப்படித் தெரிவுசெய்வது என்ற இதே இக்கட்டுக்குத்தான் அமெரிக்கப் புள்ளியியலாளர் லெனார்ட் சாவேஜ் 1951 இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து ஒரு வழி பிறந்தது. எது நடக்கும் என்று தெரியவில்லையா? அப்படியானால் ஒவ்வொரு தெரிவும், ஒவ்வொரு நிலைமையிலும், உனக்கு எவ்வளவு வருத்தத்தை வைக்கும் என்று பார். எல்லாம் தெரிந்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய மிகச் சிறந்த விளைவுக்கும் நீ பெற்ற விளைவுக்கும் உள்ள இடைவெளிதான் வருத்தத்தின் அளவு. எந்தத் தெரிவின் மிகப் பெரிய வருத்தம் மற்றவற்றின் மிகப் பெரிய வருத்தத்தைவிடச் சிறியதோ அதை எடு. அண்ணன் எஞ்சினை ஏற்றி, புயல் வராவிட்டால் வருத்தம் 4,000. ஏற்றாமல் விட்டுப் புயல் அடித்தால் வருத்தம் 2,96,000. வாய்ப்பு பத்தில் ஒன்றா நூறில் ஒன்றா என்று கேட்கவே தேவையில்லை. கழிவிரக்கத்தை ஒரு புலம்பலாகப் பாராமல், தெரிவுக்கு முன்பே அளந்து தட்டில் வைக்கக்கூடிய பொருளாக மாற்றியதுதான் இந்த யோசனையின் அழகு.

ஆனால் இந்த விதிக்குள் ஒரு கோணல் இருக்கிறது. நிலாவெளிக் கடற்கரையில் ஒரு சிறுகடை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பானம் விற்றால், வெயில் நாளில் 8,000 ரூபாய் இலாபம், மழை நாளில் ஒன்றுமில்லை. தேநீர் விற்றால், வெயிலில் 2,000, மழையில் 4,000. குளிர்பானக்காரரின் மிகப் பெரிய வருத்தம் மழையில் 4,000; தேநீர்க்காரரின் மிகப் பெரிய வருத்தம் வெயிலில் 6,000. ஆகவே விதி குளிர்பானம் என்கிறது. இப்போது ஒருவர் வந்து, குடை விற்கலாமே, வெயிலில் 1,000, மழையில் 7,000 கிடைக்கும் என்கிறார். குடையின் மிகப் பெரிய வருத்தம் வெயிலில் 7,000. மழை நாளின் சிறந்த விளைவு 7,000 ஆக உயர்ந்துவிட்டதால் குளிர்பானத்தின் மிகப் பெரிய வருத்தமும் 7,000 ஆகிவிட்டது. தேநீருக்கு அது 6,000 ஆகவே நிற்கிறது. விதி இப்போது தேநீர் என்கிறது. குடையை நீங்கள் எடுக்கவில்லை. ஆனால் குடை என்ற பேச்சு எழுந்ததுமே குளிர்பானத்தை விட்டுத் தேநீருக்குத் தாவிவிட்டீர்கள். இரண்டு பொருள்களில் எது மேல் என்பதை மூன்றாவது ஒன்றின் நிழல் மாற்றலாமா? மாற்றக்கூடாது என்று பலர் இந்த விதியையே ஒதுக்கிவிட்டார்கள்.

நான் ஒதுக்கமாட்டேன், ஆனால் பொது விதியாகவும் ஏற்கமாட்டேன். அண்ணனுடையதைப் போல ஒரு பக்கம் நாலாயிரமும் மறுபக்கம் மூன்று லட்சமுமாக இருக்கும் இடத்தில் அது நன்றாகவே வழிகாட்டுகிறது. எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே ஆடும்போது தடுமாறுகிறது.

இது வருத்தத்தை ரூபாயில் அளந்த கதை. மனிதர் உண்மையில் வருந்தும் விதம் ரூபாய்க் கணக்கோடு ஒத்துப்போவதில்லை என்பதை 1982 இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் ஒரு சிறு கதையால் காட்டினார்கள். போல் என்பவர் ஒரு நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கிறார். வேறொன்றுக்கு மாறலாமா என்று யோசித்து, மாறாமல் விட்டுவிடுகிறார். மாறியிருந்தால் 1,200 டொலர் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஜோர்ஜ் என்பவரோ தன் பங்குகளை விற்று வேறொன்றுக்கு மாறுகிறார். மாறாமல் இருந்திருந்தால் அவருக்கு அதே 1,200 டொலர் கூடுதலாகக் கிடைத்திருக்கும். யார் அதிகம் வருந்துவார்? கேட்கப்பட்டவர்களில் 92 சதவீதத்தினர் ஜோர்ஜ் என்றார்கள். இழப்பு ஒன்றுதான், ஆனால் கையை நீட்டிச் செய்தவனுக்கே நெஞ்சு அதிகம் சுடுகிறது. அண்ணனின் நாலாயிரமும் அந்த வகை. அவர் குனிந்தார், திருகைத் தட்டினார், லேன்மாஸ்டர் பிடித்தார். ஒன்றும் செய்யாமல் படுத்துத் தூங்கி, அதே நாலாயிரத்தை வேறு வழியில் இழந்திருந்தால் இவ்வளவு காலம் பேசமாட்டார்.

பின்னர் உளவியலாளர்கள் தோமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு என்று காட்டினார்கள். அண்மைக்காலத்தைக் கேட்டால் மக்கள் செய்ததற்கு வருந்துகிறார்கள். வாழ்நாள் முழுவதையும் திரும்பிப் பார்க்கச் சொன்னால் செய்யாமல் விட்டதற்கே வருந்துகிறார்கள். எங்கள் ஊருக்கு இது புதிய செய்தி இல்லை. எண்பதுகளில் கனடாவுக்கோ லண்டனுக்கோ போனவர்கள் போன புதிதில் அழுது கடிதம் எழுதினார்கள். போகாமல் நின்றவர்களில் சிலர் முப்பது ஆண்டு கழித்து, அந்த முகவரிடம் அன்று காசைக் கட்டியிருக்கலாமே என்று பேசத் தொடங்கினார்கள்.

அதே 1982 இல் பிரித்தானியப் பொருளியலாளர்கள் கிரஹாம் லூம்ஸும் ரொபர்ட் சக்டனும், அவர்களோடு தொடர்பின்றி அமெரிக்காவில் டேவிட் பெல்லும், ஒரு துணிந்த கருத்தை முன்வைத்தார்கள். மனிதர் தெரிவுசெய்யும்போது வரப்போகும் வருத்தத்தையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அப்படி எண்ணுவதைப் பகுத்தறிவின்மை என்று தள்ளக்கூடாது. வருத்தமும் ஒரு நோவுதான். நோவைத் தவிர்க்க ஒருவர் கொஞ்சம் காசு கொடுக்க ஆயத்தமாக இருந்தால் அதில் என்ன மடமை? நெதர்லாந்தில் ஒரு லொத்தர் இருக்கிறது. அதில் பரிசு அஞ்சற் குறியீட்டுக்கு விழும். சீட்டு வாங்காதவருக்கும் தன் தெருவுக்குப் பரிசு விழுந்தது தெரிந்துவிடும். அயல்வீட்டார் எல்லாரும் வென்றிருக்க, தான் மட்டும் விடுபட்டது தெரிந்துவிடும். அந்த அச்சத்திலேயே சிலர் சீட்டு வாங்குகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரே இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சீட்டு எடுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். விட்ட கிழமையில் அந்த இலக்கம் விழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்தான் அவரை விடாமல் பிடித்திருக்கிறது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் உலகம் நம் மனதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அண்ணன் எஞ்சினை ஏற்றுவாரா மாட்டாரா என்று பார்த்துப் புயல் திசை மாறவில்லை. தத்துவவாதிகளை உண்மையில் தூங்கவிடாமல் செய்தவை வேறு வகைச் சிந்தனைச் சோதனைகள். அவற்றில் நம் தெரிவை முன்கூட்டியே அறிந்த ஒருவர் எதிரே நிற்கிறார்.

அதற்குள் போகுமுன் திருகோணமலைத் துறைமுகத்தின் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த தாக்குதல் திருகோணமலைக்கே என்பது 8ஆம் திகதி தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் கப்பல் இலகுவான இலக்கு. ஆகவே கப்பல்களை வெளியேறச் சொன்னார்கள். விமானம் தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ அன்றிரவே புறப்பட்டுத் தெற்கே போனது. அதில் அப்போது ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 9ஆம் திகதி காலை திருகோணமலையில் குண்டுகள் விழுந்தன. அதே காலையில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. சிறிது நேரத்தில் அது மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். இன்றும் அது அந்தக் கடலடியிலேயே கிடக்கிறது.

துறைமுகத்திலேயே நின்றிருக்கலாமே என்று இன்று யாரும் சொல்லலாம். அப்படிச் சொல்பவர், பக்கத்து வாடிக்காரரைக் கெட்டிக்காரர் என்னும் எங்கள் ஊரவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார். அன்று கையிலிருந்த அறிவைக் கொண்டு பார்த்தால் கப்பலை வெளியே அனுப்பியதே சரியான தெரிவு. விளைவு கொடியது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும். தீர்மானக் கோட்பாட்டின் அரிச்சுவடி இதுதான்.

இப்போது கதையை ஒரு படி முறுக்குவோம். மேற்காசியாவில் வழங்கும் பழைய கதை ஒன்றை அமெரிக்கத் தத்துவவாதி அலன் கிப்பார்ட்டும் கனடாவில் பணியாற்றிய வில்லியம் ஹார்ப்பரும் 1978 இல் எடுத்து மாற்றினார்கள். ஒருவன் டமாஸ்கஸ் நகரில் மரணத்தை நேருக்கு நேர் காண்கிறான். “நாளை உன்னிடம் வருவேன்” என்கிறது மரணம். மரணத்திடம் ஒரு குறிப்பேடு உண்டு. யார் எந்த நாளில் எந்த ஊரில் இருப்பார் என்று வாரங்களுக்கு முன்பே கணித்து எழுதிவைத்தது. அது தவறியதே இல்லை. அவன் அன்றிரவே அலெப்போவுக்குத் தப்பி ஓடுகிறான். மறுநாள் அங்கே மரணம் காத்துநிற்கிறது. குறிப்பேட்டில் எழுதியிருந்த ஊரே அலெப்போதான்.

அவன் என்ன செய்திருக்க வேண்டும்? டமாஸ்கஸில் நிற்கத் தீர்மானித்தால், அந்தத் தீர்மானமே மரணம் டமாஸ்கஸுக்கு வரும் என்பதற்குச் சான்று. உடனே அலெப்போ நல்லதாகத் தெரிகிறது. அலெப்போ போகத் தீர்மானித்தால் டமாஸ்கஸ் நல்லதாகத் தெரிகிறது. நினைத்த கணமே நினைப்பு தன்னையே வெட்டிக்கொள்கிறது. எந்தத் தெரிவை எடுத்தாலும், எடுத்ததற்காக வருந்துவாய் என்று எடுப்பதற்கு முன்பே தெரியும். ‘ஹேர்மிஸ்’ கதையின் வருத்தம் பின்னால் வந்த வருத்தம். இது முன்னாலேயே இரண்டு வாசலிலும் உட்கார்ந்திருக்கும் வருத்தம்.

தத்துவவாதி ரிச்சர்ட் ஜெஃப்ரி 1983 இல் ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு தெரிவை எடுத்துவிட்டேன் என்று உறுதியாக எண்ணிக்கொண்டு பார்க்கும்போதும் அதுவே சிறந்ததாகத் தெரிய வேண்டும், அப்படிப்பட்ட தெரிவையே எடு. நல்ல நிபந்தனைதான். ஆனால் டமாஸ்கஸ்காரனிடம் அதற்குத் தேறும் தெரிவு ஒன்றுமே இல்லை. நாணயத்தைச் சுண்டி முடிவெடுக்கலாம் என்பார்கள் சிலர். சுண்டியதன் விளைவை மரணத்தால் கணிக்க முடியாது என்றால் பாதி வாய்ப்பாவது கிடைக்கும். அது தப்பிக்கும் வழி என்று ஏற்கிறேன். நாணயம் கையில் இல்லாதவனுக்கு என்ன பதில் என்பது அப்படியே நிற்கிறது.

இங்கே நான் எடுக்கும் நிலைப்பாடு எளிமையானது. வருத்தம் ஒரு வழியில் மட்டும் நின்றால் அது அந்த வழியில் போகாதே என்பதற்குக் காரணம். இரண்டு வழியிலும் சரிசமமாக நின்றால் அது எந்த வழிக்கும் காரணமாகாது. டமாஸ்கஸ்காரன் எங்கே போனாலும் அவனை மடையன் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எல்லாவற்றிலும் பேர்போன சோதனை நியூகோம் புதிர். கலிபோர்னியாவில் வில்லியம் நியூகோம் என்ற இயற்பியலாளர் 1960 அளவில் நினைத்த புதிரை தத்துவவாதி ரொபர்ட் நோசிக் 1969 இல் எழுதி வெளியிட்டார். எதிரே இரண்டு பெட்டிகள். ஒன்று கண்ணாடிப் பெட்டி. உள்ளே 1,000 டொலர் தெரிகிறது. மற்றது மூடியது, அதில் பத்து லட்சம் டொலர் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம். மூடிய பெட்டியை மட்டும் எடுக்கலாம், அல்லது இரண்டையும் எடுக்கலாம். மனிதர் என்ன செய்வார் என்று கணிப்பதில் ஏறத்தாழத் தவறாத ஒருவர் நேற்றே பெட்டிகளை ஆயத்தம் செய்துவிட்டார். நீங்கள் மூடியதை மட்டும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் பத்து லட்சத்தை வைத்திருப்பார். இரண்டையும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் ஒன்றும் வைத்திருக்கமாட்டார்.

ஒரு சாரார் சொல்கிறார்கள்: வைத்தது வைத்தாயிற்று. நான் இப்போது என்ன செய்தாலும் நேற்று வைத்த பணம் கூடாது, குறையாது. எந்த நிலையிலும் இரண்டையும் எடுத்தால் ஆயிரம் கூடுதல். மறு சாரார் சொல்கிறார்கள்: ஒன்றை எடுத்தவரெல்லாம் பணக்காரராகப் போகிறார்கள், இரண்டை எடுத்தவரெல்லாம் ஆயிரத்தோடு போகிறார்கள். நீ இவ்வளவு கெட்டிக்காரன் என்றால் ஏன் பணக்காரனாகவில்லை? இந்தக் கேள்வியையே தலைப்பாக்கி தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1981 இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இரண்டையும் எடுப்பவர் பக்கம். இந்தப் புதிரில் பகுத்தறிவின்மைக்கே பரிசு கொடுக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்வது என்பது அவருடைய பதிலின் சாரம்.

கழிவிரக்கத்தைக் கொண்டு இந்தப் புதிரைப் பார்த்தால் ஒரு நுட்பம் தெரிகிறது. எனக்கு இந்தத் துறை முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இது. இரண்டையும் எடுத்தவர் மூடிய பெட்டியைத் திறக்கிறார், வெறுமை. அவர் எதற்காக வருந்துவார்? ‘ஒன்றை மட்டும் எடுத்திருக்கலாமே’ என்று வருந்த முடியாது. எடுத்திருந்தால் அந்த வெறும் பெட்டியோடு, கையில் ஆயிரமும் இல்லாமல் போயிருப்பார். ‘ஒன்றை மட்டும் எடுக்கும் ஆளாக நான் இருந்திருக்கலாமே’ என்றுதான் வருந்த முடியும். முன்னது செயலைப் பற்றிய வருத்தம், பின்னது தன் இயல்பைப் பற்றிய வருத்தம். நம் வாழ்க்கையில் இந்த இரண்டையும் நாம் ஓயாமல் குழப்பிக்கொள்கிறோம். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவன், தெரியாத கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுகிறான். அந்த மண்டபத்தில் அவன் எடுத்த தெரிவு சரிதான். அவன் வருந்த வேண்டியது ஆறு மாதத்துக்கு முந்திய தன் பழக்கத்தைப் பற்றி. ‘அந்தக் கேள்வியை எழுதியிருக்கலாமே’ என்று புலம்பினால் தவறான இடத்தில் பழியைப் போடுகிறான்; திருத்த வேண்டியது திருத்தப்படாமலே போய்விடுகிறது.

‘ஏன் பணக்காரனாகவில்லை’ என்ற அந்தப் பணக்காரன் வாதத்துக்குத் தத்துவவாதி ஃபிராங்க் ஆர்ன்ட்ஸீனியஸ் 2008 இல் ஒரு கூர்மையான எதிரடி கொடுத்தார். தன் கட்டுரைக்கு ‘வருத்தமில்லை’ என்றே பெயரிட்டு, அந்தப் பல்லவிக்குப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபையும் தலைப்பில் அழைத்துக்கொண்டார். அவருடைய உதாரணம் அமெரிக்க பேஸ்போல். யாங்கீஸ் அணி ரெட் சாக்ஸ் அணியைப் பத்தில் ஒன்பது தடவை வெல்லும். யாங்கீஸ்மீது பந்தயம் கட்டினால் வென்றால் 1 டொலர் கிடைக்கும், தோற்றால் 2 போகும். ரெட் சாக்ஸ்மீது கட்டினால் வென்றால் 2 கிடைக்கும், தோற்றால் 1 போகும். கணக்குத் தெரிந்தவர் யாங்கீஸ்மீதுதான் கட்டுவார். சராசரியாக ஆட்டத்துக்கு 70 சதம் இலாபம். இப்போது நம் பந்தயங்களைத் தவறாமல் முன்னறியும் ஒருத்தி வந்து, பந்தயம் கட்டுமுன், “அடுத்த பந்தயத்தில் நீ வெல்வாய்” என்றோ “தோற்பாய்” என்றோ சொல்கிறாள். தெரிவு தரும் சான்றை மட்டும் பார்க்கிறவர், அதாவது நியூகோம் புதிரில் ஒற்றைப் பெட்டியை எடுக்கிறவர், வெல்வாய் என்று கேட்டால் ரெட் சாக்ஸ்மீது கட்டுவார். ஒன்றைவிட இரண்டு மேல். தோற்பாய் என்று கேட்டாலும் ரெட் சாக்ஸ்மீதே கட்டுவார். இரண்டு போவதைவிட ஒன்று போவது மேல். ஆக எப்போதும் ரெட் சாக்ஸ். பத்தில் ஒன்பது தடவை தோல்வி. ஆட்டங்கள் கூடக்கூட அவர் ஓட்டாண்டியாவார். பணக்காரன் வாதம் இந்த முறை மறுபக்கத்தாரைக் கடிக்கிறது.

இதிலிருந்து அவர் ஒரு நெறியை எடுத்தார்: இன்று நான் எடுக்கும் தெரிவுக்காக நாளை நான் வருந்துவேன் என்று இன்றே எனக்குத் தெரிந்தால், என் தெரிவு முறையில் கோளாறு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் கேட்கும் தட்டல் சத்தத்தைப் போல முன்தெரியும் வருத்தம் ஒரு எச்சரிக்கை. அவருடைய பேஸ்போல் உதாரணத்தை எல்லாரும் ஏற்கவில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் அந்த நெறியில் ஒரு எல்லைக்கோடு தெளிவாகத் தெரிகிறது. ‘இன்றே தெரிந்தால்’ என்பதுதான் அந்தக் கோடு. அண்ணனின் நாலாயிர ரூபாய் வருத்தம் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. குச்சவெளிப் பக்கமாகப் புயல் வலுவிழந்து ஏறும் என்பது அன்று பின்னேரம், அவர் திருகைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவருக்குத் தெரியாது.

இவ்வளவையும் படித்துவிட்டுத் திருக்குறளை எடுத்தால், வினைத்தூய்மை அதிகாரத்தில் இது கிடைக்கிறது:

எற்றென் றிரங்குவ செய்யற்க செய்வானேல்
மற்றன்ன செய்யாமை நன்று. (655)

முதலடியில் சிக்கல் இல்லை. ‘என்ன செய்துவிட்டேன்’ என்று பின்னால் இரங்கத்தக்கவற்றைச் செய்யாதே. இரண்டாம் அடிக்குத்தான் இரண்டு உரைகள். பலரும் சொல்வது: தவறிச் செய்துவிட்டால், அதுபோன்றதை மறுபடி செய்யாதே. பரிமேலழகர் வேறு விதமாகப் படித்தார்: தவறிச் செய்துவிட்டால், பின்னிருந்து இரங்குகிற அந்த இரங்கலைச் செய்யாதே. ஒரு உரையில் கழிவிரக்கம் ஆசிரியர்; அடுத்த தடவைக்குப் பாடம் சொல்கிறது. மற்ற உரையில் அது பயனற்ற சுமை. இறக்கி வை என்கிறார். முதலடியில் அது முன்னெச்சரிக்கை. ஏழு சீருக்குள் கழிவிரக்கத்தின் மூன்று வேலைகளும் வந்துவிட்டன. எந்த உரை சரி என்ற இலக்கணச் சண்டைக்குள் நான் போகவில்லை. எந்த வருத்தத்துக்கு எந்த உரை என்பதே எனக்கு முக்கியம்.

பாடம் சொல்லும் உரை வெறும் நீதிமொழியாக நிற்கவில்லை. 2004 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், கண்குழிக்கு மேலேயுள்ள முன்மூளைப் பகுதி பாதிக்கப்பட்டவர்களைச் சூதாட்டம் போன்ற ஒரு விளையாட்டில் ஈடுபடுத்தினார்கள். வென்றால் மகிழ்ந்தார்கள், தோற்றால் முகம் வாடினார்கள். ஆனால் ‘மற்றதை எடுத்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்’ என்று காட்டியபோது அவர்களுக்கு ஒன்றும் ஏற்படவில்லை. கழிவிரக்கமே இல்லாத மனிதர்கள். அவர்கள் மற்றவர்களைவிட மோசமாக விளையாடினார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் திருந்தவும் இல்லை. ஆகவே வருத்தமே படாதே என்று புத்தி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் ஆசிரியர் தப்பான பாடத்தையும் நடத்தக்கூடும். நாலாயிரம் வீண் என்ற வருத்தம் அண்ணனுக்கு நடத்தும் பாடம் ‘அடுத்த புயலுக்கு எஞ்சினை ஏற்றாதே’ என்பது. அது உயிரையும் உடைமையையும் வாங்கக்கூடிய பாடம். அந்த வருத்தத்துக்குப் பரிமேலழகர் உரைதான் பொருந்தும்.

இவ்வளவையும் அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறேன். மணலில் கோடு போட்டு, நாலாயிரம் ஒரு கட்டத்தில், இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் ஒரு கட்டத்தில் என்று காட்டியிருக்கிறேன். கொஞ்சம் ஒத்துக்கொண்டார்.

மாமியிடம் இதுவரை சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். காலையில் கரைவலை இழுத்திருப்பார்கள், நல்ல மீன் வந்திருக்கும் என்று, ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை நாலாக மடித்துத் தன் மகனின் கையில் வைத்து, மாமி அவனைக் கடற்கரைக்கு அனுப்பினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. “நான்தான் அனுப்பினேன்” என்கிறார். அந்தக் காலையில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது, தெரிந்தும் கவனியாமல் விட்டது என்று எதுவுமே கிடையாது. கரையில் யாருக்கும் தெரியாது. எந்தக் கோட்பாட்டின்படி பார்த்தாலும் மீன் வாங்க மகனை அனுப்பியதில் பிழை இல்லை. அவர் வருத்தம் எந்தப் பாடமும் சொல்லவில்லை, எதையும் முன்னெச்சரிக்கவும் இல்லை.

ஆங்கிலேயத் தத்துவவாதி பேர்னார்ட் வில்லியம்ஸ் 1976 இல் ஒரு லொறிச் சாரதியைப் பற்றி எழுதினார். தன்மேல் எந்தப் பிழையும் இல்லாமல், குறுக்கே வந்த ஒரு குழந்தைமேல் லொறியை ஏற்றிவிட்டவர். அருகில் நிற்பவர்கள் எல்லாரும், “உன் பிழை இல்லை” என்று அவரைத் தேற்றுவார்கள், தேற்றுவதும் சரிதான். ஆனால் அவர் உடனே, “ஆம், என் பிழை இல்லை” என்று தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனால், அந்த மனிதரைப் பற்றி நமக்கு ஒரு ஐயம் எழும். பிழைக்கு அப்பாலும் ஒரு வருத்தம் இருக்கிறது; அது ‘இது என் கையால் நடந்தது’ என்பதற்கு மனிதர் தரும் மறுமொழி. தெரிவைப் பற்றிய எந்தக் கணக்கிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. கணக்கின் குறையாக நான் இதைக் காணவில்லை. கணக்கு கேட்கும் கேள்வி ‘என்ன செய்வது’ என்பது; மாமியிடம் அப்படி ஒரு கேள்வியே இல்லை.

ஒவ்வொரு டிசம்பர் 26 காலையிலும் மாமி பூவும் கற்பூரமுமாகக் கடற்கரைக்குப் போகிறார். நானும் கூடப் போகிறேன். அவர் கற்பூரத்தை ஏற்றும்போது வாடைக்காற்று அணைக்காமல் இருக்க, இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்துக்கொள்வது என் வேலை.